மதிப்பெண் இல்லாத நாட்கள்

ஆண்டுத் தேர்வுக்கும் விடுமுறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சில நாட்களைப் பற்றி ஆசிரியராக இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாடம் நடத்தி முடித்தாயிற்று. விடைத்தாள் கட்டுகள் மேசையில் காத்துக் கிடக்கின்றன. மாணவர்கள் வருகிறார்கள், ஆனால் பாதிப் பேர் பை கொண்டுவருவதில்லை. கொண்டுவருபவர்களின் பையிலும் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. வருகைப் பதிவேட்டை மூடிய கையோடு கேள்வி எழுகிறது: கடைசி மணி அடிக்கும்வரை இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சின்னப் பிள்ளைகள் என்றால் கவலையில்லை. வண்ணத் தாளும் பசையும் கொடுத்தால் அரை நாள் ஓடிவிடும். பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்களிடம் வண்ணத் தாளை நீட்டிப் பாருங்கள். அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும், அது நமக்கானது.

இதற்கு ஆசிரியர் அறையில் எப்போதும் தயாராக இருக்கும் பதில், ‘படம் போட்டுவிடுங்கள்’ என்பது. ஜன்னல்களை அடைத்துப் புரொஜெக்டரை ஓடவிட்டால் முன்வரிசை பார்க்கும், பின்வரிசை பேசும், ஆசிரியர் அந்த அரையிருட்டில் விடைத்தாள் திருத்துவார். அதில் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. களைத்துப்போன பிள்ளைகளும் களைத்துப்போன ஆசிரியரும் ஓர் அறையில் சும்மா இருப்பது குற்றமில்லை. என்னை உறுத்தியது படம் அல்ல, அதற்குச் சொல்லப்பட்ட காரணம். என்னைவிடப் பல ஆண்டு மூத்தவர், நான் மதிக்கிற ஆசிரியர், ஒருநாள் அன்போடுதான் சொன்னார்: “மதிப்பெண் கிடையாது என்று தெரிந்துவிட்டால் எவனும் பென்சிலைத் தொட மாட்டான், டீச்சர். உங்களுக்கு எதற்கு வீண் வேலை?”

சிரித்துவிட்டு என் இருக்கைக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்தது. அவர் சொல்வது உண்மையானால், மற்ற மாதங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருப்பது என்ன? மதிப்பெண் என்ற ஒன்றை எடுத்துவிட்டால் கீழே விழுந்துவிடும் ஆர்வத்துக்கு ஆர்வம் என்று பெயர் வைத்திருக்கிறோமா? ஆண்டு முழுவதும் அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. ஏனென்றால் ஆண்டு முழுவதும் மதிப்பெண் இருக்கிறது. இந்தக் கடைசி நாட்களில்தான் அது இல்லை. அப்படியானால் வீண் நாட்கள் என்று நாம் தள்ளிவிடுபவைதான் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

மாறுவேடம் போட்ட தேர்வு

படம் வேண்டாம் என்பவர்கள் அடுத்துப் போகும் இடம் வினாடி வினா. குழு பிரிப்பது, குழுக்களுக்குப் பெயர் வைப்பது, மேசையைத் தட்டி மணி அடிப்பது என்று பார்ப்பதற்குக் கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் யார் கை உயர்கிறது என்று கவனியுங்கள். மார்ச்சில் உயர்ந்தாலும் ஜூலையில் உயர்ந்தாலும் அதே நான்கைந்து கைகள்தான். மற்றவர்கள் தங்கள் குழுவுக்குக் கைதட்டுகிறார்கள். ஆண்டு முழுவதும் அவர்களுக்கு இருந்த அதே வேலை. இதைக் கேளிக்கை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். தேர்வுக்குத் தொப்பி மாட்டிவிட்டால் அது தேர்வு இல்லாமல் போய்விடாது.

போதாக்குறைக்குப் பரிசு வேறு. மதிப்பெண் இல்லாத குறையைப் பேனாவும் இனிப்பும் கொண்டு நிரப்பப் பார்க்கிறோம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகள் அவர்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் பாதி அளவே இருந்தது. மழலையருக்குப் பொருந்துவது பதினைந்து வயதுக்காரருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘எவனும் பென்சிலைத் தொட மாட்டான்’ என்ற வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொடாமல் போவதற்கு நம் பங்களிப்பு எவ்வளவு என்ற சந்தேகம் வராமல் இருக்காது.

படத்துக்கும் வினாடி வினாவுக்கும் பொதுவாக ஒன்று இருப்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இரண்டிலும் முடிவு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. படம் எடுத்து முடிக்கப்பட்டுவிட்டது. வினாவுக்கான விடை ஆசிரியர் கையிலுள்ள தாளில் இருக்கிறது. மாணவர்கள் செய்வதனால் மாறப்போவது எதுவும் இல்லை. அந்த வயதில் யாருக்குத்தான் அதில் சுவாரஸ்யம் இருக்கும்? ஆகவே எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கடைசி நாட்களில் வகுப்புக்குக் கொண்டுபோகும் எதற்கும் விடை என்னிடம் இருக்கக் கூடாது. நானும் அவர்களைப் போலவே என்ன ஆகும் என்று தெரியாமல் நிற்க வேண்டும்.

முதலில் கொண்டுபோனது ஸ்ப்ரவுட்ஸ். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே, மைக்கேல் பேட்டர்சன் இருவரும் உருவாக்கிய ஆட்டம். தாளும் பென்சிலும் போதும். தாளில் மூன்று புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மாறி மாறி ஆட வேண்டும். இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு இழுக்க வேண்டும். கிளம்பிய புள்ளிக்கே வளைந்து திரும்பினாலும் சரி. இழுத்த கோட்டின்மேல் எங்காவது ஒரு புதுப் புள்ளி வைக்க வேண்டும். ஒரு கோடு இன்னொன்றை வெட்டக் கூடாது, ஒரு புள்ளியில் மூன்று கோடுகளுக்கு மேல் சேரக் கூடாது. கோடு இழுக்க இடமில்லாமல் நிற்பவர் தோற்றார். அவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடம் முணுமுணுப்பு. பிறகு தாள் கேட்க ஆரம்பித்தார்கள். பழைய வினாத்தாள்களின் பின்பக்கம் தீர்ந்து, யாரோ நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

“புள்ளி கூடிக்கொண்டே போகிறதே டீச்சர், இது முடியவே முடியாதா?” என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்த இருவர், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று உயிர் என்று கணக்குப் போட்டார்கள். மூன்று புள்ளிக்கு ஒன்பது உயிர். ஒரு கோடு இழுத்தால் இரண்டு உயிர் போகிறது. புதுப் புள்ளிக்கு மிச்சமாக ஓர் உயிர் வருகிறது. ஆக ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் உயிர் நிகரமாகக் குறைகிறது. கடைசிக் கோட்டில் வைத்த புள்ளியில் ஓர் உயிராவது எஞ்சித்தான் ஆக வேண்டும். எனவே எட்டுக் கோட்டுக்கு மேல் போகாது. இதைக் கண்டுபிடித்தவர்கள் அதைக் கரும்பலகையில் எழுதிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. எத்தனை புள்ளியில் தொடங்கினால் யாருக்கு வெற்றி என்பதற்குப் பொதுவான விதி ஒன்றை 1991இல் மூன்று கணினி அறிவியலாளர்கள் ஊகமாக முன்வைத்தார்கள். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று நான் சொன்னபோது, “அப்படியானால் உங்களுக்கும் தெரியாதா?” என்ற கேள்வி வந்தது. அதில் இருந்த மகிழ்ச்சியை மறைக்க அவர்கள் முயலவில்லை.

மூன்றில் இரண்டு பங்கு

என் மனதில் இந்த விஷயம் உண்மையிலேயே திரும்பியது வேறோர் ஆட்டத்தில். அதற்கு விதி ஒரே வரிதான். ஒவ்வொருவரும் 0 முதல் 100 வரை ஓர் எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துத் தர வேண்டும். எல்லா எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு யாருடைய எண் மிக அருகில் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. இதன் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது. 1936இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் பங்குச் சந்தையை விளக்க ஓர் உவமை சொன்னார். நூறு முகங்களின் புகைப்படங்களிலிருந்து மிக அழகான ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பத்திரிகைப் போட்டி. பெரும்பாலோர் தேர்வோடு ஒத்துப்போகிறவருக்கே பரிசு என்றால், எனக்கு எது அழகு என்று யோசிப்பதில் பயனில்லை. மற்றவர்களுக்கு எது அழகாகத் தெரியும் என்று யோசிக்க வேண்டும். மற்றவர்களும் அப்படியேதான் யோசிப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எண்களை வைத்து இதை ஆய்வுக்கூடத்தில் ஆடிப்பார்த்து ரோஸ்மேரி நாகல் 1995இல் கட்டுரை வெளியிட்டார். முதல் சுற்றில் அவருக்குக் கிடைத்த சராசரி சுமார் 37.

சீட்டைக் கொடுத்ததும் வகுப்பு அமைதியானது. தேர்வு அறையின் அமைதி வேறு, இது வேறு. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவன் மட்டும் யாரையும் பார்க்காமல் எழுதி மடித்துவிட்டான். எண்களை வாசிக்கச் சொல்லி ஒருத்தியைக் கூப்பிட்டேன், கூட்டுவதற்கு இருவரை நிறுத்தினேன். 50, 33, 40, 7, 66, 25. இடையில் ஒரு 90 வந்தது. யார் எழுதியது என்று வகுப்பே திரும்பித் தேடியது. எல்லோருமே 100 எழுதினாலும் மூன்றில் இரண்டு பங்கு 67ஐத் தாண்டாது என்பதால் 90 எந்த நிலையிலும் நெருங்கிவர முடியாது. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று திசையிலிருந்து சொன்னார்கள். பிறகு ஒரு சீட்டில் 0. சராசரி 31. மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 20.7. 21 எழுதியிருந்த மாணவிக்கு வெற்றி.

0 எழுதியவன் எழுந்தான். “டீச்சர், 0 தானே சரியான விடை? சராசரி 50 என்று நினைத்தால் 33 எழுத வேண்டும். எல்லோரும் 33 எழுதுவார்கள் என்றால் 22. எல்லோரும் 22 என்றால் 15. இப்படியே போனால் 0இல்தானே நிற்கும்?” அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எல்லோரும் கடைசிவரை யோசிப்பார்கள், எல்லோரும் அப்படி யோசிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டால் நிலைத்து நிற்கும் எண் 0 ஒன்றுதான். நான் பதில் சொல்வதற்குள் 21 எழுதியவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “எல்லோரும் கடைசிவரை யோசிப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது?”

வகுப்பு வெடித்தது. அவன் சிரிக்கவில்லை. அவமானமாகவும் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. உண்மையாகவே புரியாமல் நின்றான். சரியான விடை எழுதியும் தோற்பது அவன் பள்ளி வாழ்க்கையில் நடந்திராத ஒன்று. அவள் தன் கணக்கை விளக்கினாள். பாதிப் பேர் 50ஐ ஒட்டி எதையோ எழுதுவார்கள், கொஞ்சம் பேர் ஒருபடி போய் 33 எழுதுவார்கள், இவனைப் போல ஒன்றிரண்டு பேர் அடிமட்டத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்து, யார் எவ்வளவு தூரம் போவார்கள் என்று எண்ணிப் பார்த்தாளாம். அவள் கணக்கில் சுமாரானவள், நாற்பது பேரையும் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவள். இந்த ஆட்டத்துக்கு இரண்டாவதுதான் தேவையாக இருந்தது. 2005இல் டென்மார்க்கின் பொலிடிகன் நாளிதழ் இதே போட்டியை வாசகர்களிடம் நடத்தியது. 19,196 பேர் கலந்துகொண்டார்கள். வென்ற எண் 21.6. இதைப் பிறகு சொன்னபோது அவள் அலட்சியமாகத் தலையாட்டினாள். நாட்டுக்கு நாடு ஆட்கள் மாறிவிடவா போகிறார்கள் என்பது போல.

இரண்டாவது சுற்று கேட்டு வாங்கி ஆடினார்கள். எதிர்பார்த்தபடி எல்லோரும் இறங்கினார்கள். சராசரி 14க்கு வந்தது. மூன்றாவது சுற்றில் நடந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்திராதது. சீட்டு வாசிக்கும்போது 5, 3, 6, 4 என்று வந்துகொண்டிருந்த வரிசையில் திடீரென்று 100. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 100. மொத்தம் நான்கு. சராசரி 15க்கு ஏறியது. வென்ற எண் 10. கடைசிப் பெஞ்சில் ஒருவன் 10 எழுதியிருந்தான். அவனுக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த நால்வர் முகத்தைப் பார்த்தாலே கதை புரிந்தது. அவன் பையிலிருந்த பழைய சீட்டின் பின்பக்கத்தில் கணக்கு இருந்தது. அன்று வகுப்பில் 38 பேர். 400ஐ 38ஆல் வகுத்தால் பத்தரை. மற்றவர்கள் இன்னும் கீழே இறங்குவார்கள், அவர்கள் பங்காக நான்கு அல்லது ஐந்து வரும். ஆக மொத்தம் பதினைந்து. அதில் மூன்றில் இரண்டு பங்கு பத்து. பென்சிலால் கிறுக்கியிருந்தாலும் வகுத்தல் சரியாக இருந்தது.

இது ஏமாற்று வேலையா இல்லையா என்ற சண்டையில் மீதிப் பாடவேளை போயிற்று. கூட்டுச் சேரக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது என்றான் அவன். தனித்தனியாக எழுத வேண்டும் என்றால் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம் என்றார்கள் எதிர்ப்பக்கம். அவனுக்காக வாதாட எழுந்தவர்களில் 0 எழுதியவனும் ஒருவன். நான்கு பேர் வேண்டுமென்றே தோற்று ஒருவரை ஜெயிக்கவைப்பதும் கணக்குத்தான் என்பது அவன் கட்சி. முதல் சுற்றில் தன்னைத் தோற்கடித்த அதே தவறான அனுமானத்தை மற்றவர்களும் மூன்றாவது சுற்றில் செய்தார்கள் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தியும் இருந்திருக்கலாம். கடைசிப் பெஞ்சுக்காரனுக்குள் ஒரு கணித மேதை ஒளிந்திருந்தான் என்று நான் கதை கட்டப்போவதில்லை. தேர்வில் அவன் விட்ட கணக்குகள் விட்டவைதான். விடைத்தாளை நானே திருத்தினேன். ஆனால் மதிப்பெண் இல்லாத ஒரு நாளில், யாரும் சொல்லாமல், வகுத்தலும் சராசரியும் பின்னமும் அவன் பென்சிலிலிருந்து வந்தன. அதற்கு அவனிடம் இருந்த காரணம், வகுப்பையே கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்ற குறும்பு மட்டுமே. அதைக் குறைந்த காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூத்த ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சத்தம் என் வகுப்புவரை வந்தது” என்றார். பிறகு விதியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வித்தை காட்டும் ஆசை

இந்த வரிசையில் புகழ்பெற்ற வேறு இரண்டு உண்டு. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டிலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஒன்று நாணயம். வகுப்பில் பாதிப் பேர் நாணயத்தை 200 முறை சுண்டி, பூவா தலையா என்று எழுத வேண்டும். மீதிப் பேர் சுண்டாமல் மனதுக்குத் தோன்றியபடி எழுத வேண்டும். தாள்களைக் கலைத்துக் கொடுத்தால் எது நிஜம், எது கற்பனை என்று ஆசிரியர் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். 200 முறை சுண்டினால் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். கற்பனையில் எழுதுபவர்கள் நான்காவது பூ வந்ததும் பயந்து தலைக்குத் தாவிவிடுவார்கள். மற்றொன்று பிறந்தநாள். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 40 பேர் என்றால் நூற்றுக்கு 89.

இரண்டுமே அருமையான கணக்குகள். வகுப்பு வாயைப் பிளக்கும். என் தயக்கம் அந்தப் பிளந்த வாயில்தான். அங்கே வித்தைக்காரர் ஆசிரியர், மாணவர்கள் கூட்டம். விடை மறுபடியும் நம் பைக்குள் வந்துவிடுகிறது. நாணயத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு மாற்றம் செய்தபோது நிலைமை தேறியது. ஒரு பிரிவின் தாள்களை அடுத்த பிரிவிடம் கொடுத்து, துப்பறியும் வேலையை அவர்களையே செய்யவிட்டேன். எதைத் தேட வேண்டும் என்று சொல்லவில்லை. சிலர் பூக்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து ஏமாந்தார்கள். ஒரு குழு கையெழுத்தின் வேகத்தைப் பார்த்தது, அது நான் எதிர்பார்க்காத சாமர்த்தியம். சுண்டி எழுதியவர்களின் எழுத்து ஒவ்வொன்றும் விட்டு விட்டு இருக்கும், கற்பனை ஒரே ஓட்டமாக இருக்கும் என்பது அவர்கள் கட்சி. நீளமான தொடர்களைத் தேட வேண்டும் என்பது கடைசியில் ஒருத்திக்குத் தோன்றியது.

கண்ணீர் வரவழைக்கும் வேலைகள்

ஆட்டம் வேண்டாம், ஆண்டின் கடைசியில் மனதைத் தொடும் ஏதாவது செய்ய வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்சிக்கு உளவியலின் ஆதரவு உண்டு. டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கையை 60 விநாடி குளிர்ந்த நீரில் வைத்திருந்த அதே ஆட்கள், இன்னொரு முறை அதே 60 விநாடியோடு சற்றே குளிர் குறைந்த நீரில் கூடுதலாக 30 விநாடியும் வைத்திருந்தார்கள். மூன்றாவது முறைக்கு எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே கேட்டார்கள். முடிவு இதமாக இருந்தால் முழுவதும் இதமாக இருந்ததாக நினைவு எழுதிக்கொள்கிறதாம். அதனால் கடைசி நாள் நன்றாக அமைந்தால் ஆண்டே நன்றாக இருந்ததாகத் தோன்றும் என்கிறார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஓர் ஆண்டு ஒன்றரை நிமிடம் அல்ல. தவிர, கடைசி நாளைக் கொண்டு மற்ற நாட்களை மறக்கடிக்கும் யோசனையில் ஏதோ ஒரு வியாபார வாசனை அடிக்கிறது.

பட்டம் கொடுக்கும் விழாவைத்தான் நான் முதலில் நிறுத்தினேன். ‘வகுப்பின் வாயாடி’, ‘தூங்குமூஞ்சித் திலகம்’ என்று சிரித்துக்கொண்டே கொடுக்கிறோம். வாங்குபவரும் சிரிக்கத்தான் வேண்டும். வேறு வழி என்ன இருக்கிறது? எதிர்காலத்தில் படிப்பதற்காகத் தனக்குத் தானே எழுதும் கடிதமும் இப்படித்தான். ஆசிரியர் படிப்பார் என்ற நினைப்போடு எழுதப்படும் லட்சியங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

அதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டு இதே அறையில் வந்து உட்காரப்போகும் மாணவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். அறிவுரை கூடாது, இந்த அறையில் ஆண்டு முழுவதும் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த தகவலாக இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. வந்தவற்றில் சில: ‘ஜன்னலோர மூன்றாவது பெஞ்சில் மதியம் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். காலையில் யாராவது இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டால் ஏமாறாதீர்கள்.’ ‘வடிவியலுக்கு பென்சிலைக் கூராகச் சீவி வையுங்கள். கோடு தடிமனாக இருந்தால் டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பெருமூச்சு விடுவார்.’ ‘கேள்வி கேட்கும்போது தலையைக் குனியாதீர்கள், குனிபவர்களைத்தான் டீச்சர் எழுப்புவார். நேராக முகத்தைப் பார்த்தால் தப்பித்துவிடலாம்.’ கடைசியில் இருந்ததைப் படித்துவிட்டு என்னைப் பற்றி நான் யோசிக்க வேண்டியதாயிற்று. புது வகுப்பு தொடங்கிய முதல் நாள் அந்தக் கடிதங்களைப் பெஞ்சுகளில் வைத்தேன். அன்று நான் கேள்வி கேட்டபோது ஒரு தலையும் குனியவில்லை.

முதுகில் தாளை ஒட்டிக்கொண்டு ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் விளையாட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் ஆபத்து இருக்கிறது. பெயர் போடாமல் எழுதலாம் என்றால் இந்த வயது எதையும் எழுதும். நான் ஒரு விதி சேர்த்தேன். குணத்தை எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். நல்லவன், அழகி, அறிவாளி எல்லாம் தள்ளுபடி. ஒரு பெண்ணின் தாளில் இருந்த வரி: ‘எனக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது கைக்குட்டையைக் கொடுத்தாள், திருப்பிக் கேட்கவில்லை.’ இன்னொருவன் தாளில்: ‘கூடைப்பந்தில் என் தப்பால் தோற்றோம். யாரிடமும் சொல்லவில்லை.’ எழுதுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் என்னை ஆச்சரியப்படுத்தியது. குணம் எழுத ஒரு நொடி போதும். நடந்ததை எழுத நினைவைத் துழாவ வேண்டியிருக்கிறது.

என் விதிக்கு எதிரான ஒரு சாட்சி

மதிப்பெண்ணைத் தள்ளிவைத்தால்தான் ஆர்வம் வெளியே வரும் என்று நான் அதிகம் பேசினால், எனக்கு எதிராக நானே சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. தாளை ஏழெட்டு முறைக்கு மேல் பாதியாக மடிக்க முடியாது என்பது நீண்ட நாள் நம்பிக்கை. 2002 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிரிட்னி கேலிவன், ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளக் கழிப்பறைத் தாளைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டினார். எத்தனை முறை மடிக்க எவ்வளவு நீளத் தாள் வேண்டும் என்பதற்குச் சூத்திரமும் வகுத்தார். இது தொடங்கியது எங்கே தெரியுமா? கணக்கு வகுப்பில், கூடுதல் மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கப்பட்ட சவாலில். ஆக மதிப்பெண்ணும் சில நேரம் கதவைத் திறந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு மதிப்பெண்ணுக்காக ஒருவர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தாளை விரிக்க மாட்டார் என்று என் கட்சிக்காக வாதாடிக்கொள்கிறேன். மூத்த ஆசிரியரோ, “கதவைத் திறந்தது மதிப்பெண்தானே?” என்கிறார். இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று மட்டும். இந்த நாட்களில் எத்தனை பேர் வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நாற்பது பேருக்குத் தயாரித்துக்கொண்டு போனால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குப் பன்னிரண்டு பேர் தாராளம். ஆனால் கூட்டுச் சேர்வது அப்போது மிக எளிது, இருவர் 100 எழுதினாலே ஆட்டம் தலைகீழாகிவிடும். நாணயத் துப்பறிதலுக்கு இன்னொரு பிரிவு வேண்டும், அந்த ஆசிரியரின் சம்மதமும் வேண்டும். முதுகுத் தாளைச் சிறு கூட்டத்தில் தவிர்த்துவிடுங்கள், கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறந்தநாள் கணக்கையும் அன்று எடுக்காதீர்கள். பன்னிரண்டு பேரில் பொருத்தம் அமைய ஆறில் ஒரு வாய்ப்புதான் உண்டு, மற்ற ஐந்து முறையும் நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள். ஸ்ப்ரவுட்ஸுக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் மட்டும் வந்தால் எதிரில் நீங்களே உட்காரலாம். மூன்று புள்ளி வையுங்கள், முதல் கோட்டை அந்த மாணவருக்கு விட்டுக்கொடுங்கள். மூன்றில் தொடங்கினால் முதலில் ஆடுபவருக்கு வெல்ல வழி இருக்கிறது.